முனீஸின் பழைய ரிப்போர்ட்

என் மேசை மேல் ஒரு கர்ப்பப்பை இருக்கிறது. பிளாஸ்டிக்தான். இரண்டாகப் பிரித்துக் காட்டலாம், மறுபடி பொருத்தி வைக்கலாம். பதினாலு வருடமாக வருகிறவர்கள் எல்லாரும் தொட்டுத் தொட்டு, இரண்டு பக்கமும் நீளும் சினைக்குழாய்களின் நிறமே போய்விட்டது. அதே மருந்துக் கம்பெனிக்காரர் அதே நாளில் கொடுத்த ஆண் உறுப்புப் பொம்மை ஒன்றும் உண்டு. அது வந்த உறையோடே பீரோவுக்குள் கிடக்கிறது. பிள்ளை இல்லை என்று வருகிற ஆண்கள் அதைப் பார்க்க விரும்புவதில்லை. என்னைக் கேட்டால் நோயில் பாதி அதுதான்.

நான் திருப்பூரில் பல்லடம் ரோட்டில் ஒரு குழந்தையின்மை மருத்துவமனையில் நர்ஸ். டாக்டரம்மா ஐந்து நிமிடம் பேசுவார். அவர் சொன்னது என்ன என்று வெளியே உட்கார வைத்துப் புரிய வைப்பது என் வேலை. பொறுமையான ஆள் என்று இந்த வேலைக்கு என்னை எடுத்தார்கள். அந்தப் பொறுமை எந்த வருடத்தோடு தீர்ந்தது என்று எனக்கே ஞாபகம் இல்லை. இப்போது எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், அதை மறைக்கவும் தெரியாது. அப்படியும் ஒரே ஒரு நாள், வர வேண்டிய நேரத்தில் அது வரவில்லை. அதனால்தான் முத்துப்பேச்சியின் கதையைச் சொல்கிறேன்.

அவள் எங்களிடம் வந்தபோது வயது முப்பத்தேழு. கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம். அவளுக்கு வேண்டியது ஒரு பிள்ளை, அதுவும் சீக்கிரம். சித்திரைக்குள் வயிற்றில் ஏதாவது தங்காவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பேன் என்று மாமியார் வாய்விட்டே சொல்லிவிட்டாள். முதல் நாள் வரும்போது ஏழு பாலிதீன் கவர் கொண்டு வந்தாள். டீசர்ட் மடித்துப் போடுகிற கவர். ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒன்று என்று ஏழு ஆஸ்பத்திரி. கவருக்குள் அவள் உடம்பின் உள்பக்கம் முழுக்க இருந்தது.

சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பத்தொன்பது வயதில் அண்ணன் ராக்கையாவோடு அருள்புரம் வந்து, ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற ஹெல்பராகச் சேர்ந்தாள். மூன்று வருடத்தில் ஓவர்லாக் மிஷினில் தைக்கிற டெய்லர். கை நல்ல வேகம், கண் அதைவிட வேகம். தையல் ஒரு நூல் விலகினாலும் அந்த பீஸைத் தானாகவே பிரித்துவிடுவாள், செக்கிங்கில் இருக்கிறவர்கள் சொல்லும்வரை காத்திருக்க மாட்டாள். இருபத்துநாலு வயதில் அத்தை மகன் முனீஸுக்குக் கட்டி வைத்தார்கள். முனீஸ் வேறொரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் இன்சார்ஜ். வெள்ளைச் சட்டை போடுவான், சிரித்துப் பேசுவான், குடி கிடையாது. நல்ல இடம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

மூன்று வருடம் பிள்ளை இல்லை. முதல் ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பரிசோதனை எழுதினார்கள். ஆணுக்கு இருப்பது ஒரே பரிசோதனை, ஒரு சின்ன டப்பா. வீட்டில் விந்தை எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வந்தாலும் போதும் என்றார்கள். முனீஸ் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு வந்து கொடுத்தான். மில்லிக்கு ஆறு கோடி உயிரணு, அசைவு நன்று என்று ரிப்போர்ட் வந்தது. மாமியார் அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள். குறை தன்னிடம்தான் என்று முத்துப்பேச்சிக்கும் அன்றோடு முடிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு பத்து வருடம் அவள் உடம்பு ஆஸ்பத்திரிகளின் சொத்து. குழாய் அடைத்திருக்கிறதா என்று சாய மருந்தைப் பீய்ச்சிப் படம் எடுத்தார்கள். அடைப்பு இல்லை. வயிற்றில் துளை போட்டுக் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. கர்ப்பப்பையைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். நான்காவது ஆஸ்பத்திரியில் சினைப்பையில் சின்னச் சின்னக் கட்டிகள் என்று சொல்லி, இரண்டு சினைப்பையிலும் சூடு வைத்து ஓட்டை போட்டார்கள். மாதாமாதம் பன்னிரண்டாம் நாள் ஸ்கேன், பதினாலாம் நாள் ஊசி. அன்று ஓவர்டைம் இருந்தாலும் பர்மிஷன் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டும். சூப்பர்வைசருக்கு அவளுடைய மாதக் கணக்கு அவளைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டு இடத்தில், கணவனின் விந்தை எடுத்து நேராகக் கர்ப்பப்பைக்குள் வைக்கலாம் என்று சொன்னார்கள். முனீஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஊசியில் ஏற்றிப் பெறுகிற பிள்ளை எங்கள் குடும்பத்தில் வேண்டாம் என்று சொன்னானாம். எவ்வளவு மானஸ்தன் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு புது ஆஸ்பத்திரியிலும் முனீஸ் முதலில் நீட்டியது அந்தப் பழைய தாள். அவர்களும் பார்த்துவிட்டு, அவருக்கு ஒன்றும் இல்லை, உங்களைப் பார்க்கலாம் என்று அவள் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஏழு ஆஸ்பத்திரியில் ஒருவருக்குக்கூட இன்னொரு தடவை பார்ப்போம் என்று தோன்றவில்லை. எங்கள் தொழிலைப் பற்றி நானே இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் டாக்டரம்மாவுக்குத் தோன்றியது. ஊத்துக்குளிக்காரர், பேச்சு மெதுவாகத்தான் இருக்கும், பிடித்த பிடியை விட மாட்டார்.

"ஏனுங்க முனீஸ், இது பத்து வருசத்துப் பழசுங்க. புதுசா ஒண்ணு எடுத்துப் போட்ரலாமுங்க" என்றார்.

"அதான் ஆறு கோடின்னு போட்டிருக்கே மேடம். எனக்கு ஒண்ணும் இல்ல, அவளப் பாருங்க."

"அவிங்களத்தான் பத்து வருசமாப் பாத்துட்டாங்களே. இந்த வாட்டி உங்களப் பாக்கலாம்."

டப்பாவைக் கையில் கொடுத்து, மாடியில் இருக்கும் தனி அறையைக் காட்டினேன். முத்துப்பேச்சி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். சும்மா இருப்பானேன் என்று பீரோவைத் திறந்து அந்த ஆண் பொம்மையை உறை பிரித்து வெளியே எடுத்து வைத்தேன். அவள் வெட்கப்படவில்லை. மிஷினைப் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்த்தாள்.

"இது ஏன் சிஸ்டர் ஒடம்புக்கு வெளிய இருக்கு? பொம்பளைக்கு எல்லாம் உள்ளதான இருக்கு."

"ஒடம்புச் சூடு அதுக்கு ஆகாது கண்ணு. ரெண்டு டிகிரி கொறச்சலா இருந்தாத்தான் உயிரணு ஊறும். அதனால வெளிய ஒரு பை. இந்த ரெண்டு விதைக்குள்ள மயிரு மாதிரி குழாய் சுத்திச் சுத்திக் கெடக்கும். அங்க ஊறி, மேல இந்தக் கொழா வழியா ஏறி வரணும். ஊறி முடிய ரெண்டரை மாசம் ஆகும். ஆனா நித்தமும் கோடிக்கணக்குல ஊறிட்டே இருக்கும், கெழவனானாலும் நிக்காது."

"நமக்கு?"

"நமக்கு அப்படி இல்ல" என்றேன். அதற்குள் முனீஸ் கீழே இறங்கி வந்துவிட்டான். மேலே போய் நாலு நிமிடம்கூட ஆகவில்லை. டப்பா காலி.

"இங்க ஆகாது சிஸ்டர். வீட்ல எடுத்துட்டு வாரேன். முன்னாடி அப்படித்தான் குடுத்தேன்" என்றான்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். முகம் கறுத்துப் போனான். மூன்று வாரம் ஏதேதோ சாக்கு, ஷிப்மெண்ட், காய்ச்சல், பெரியப்பா சாவு. கடைசியில் டாக்டரம்மா, நீங்க குடுக்காம இந்த அம்மாவுக்கு ஒரு மாத்திரைகூட எழுத மாட்டனுங்க என்று சொல்லிவிட்ட பிறகு, ஒரு வியாழக்கிழமை எங்கள் மாடியறையிலேயே கொடுத்தான். ரிப்போர்ட்டில் பூஜ்யம். ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்தோம். பூஜ்யம். டாக்டரம்மா அழைத்த ஆண் மருத்துவர் ஒருவர் அவனைப் பரிசோதித்துவிட்டு வந்து, இரண்டு விதையும் சுருங்கிப் பாக்கு அளவுக்குத்தான் இருக்கிறது என்றார்.

அன்று மாமியாரும் வந்திருந்தாள். எல்லார் முன்னாலும் சொல்லலாமா என்று டாக்டரம்மா முனீஸைக் கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். வயசுக்கு வந்த பிறகு மகனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று அந்தம்மாவிடம் கேட்டார். கிழவி மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் இது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"வந்துச்சு தாயி. பதினேழு வயசுல. ரெண்டு கன்னமும் பம்முனு வீங்கிருச்சு. பொன்னுக்கு வீங்கில்லா, எங்கிட்ட இருந்த ஒத்தச் செயினக் கழுத்துல போட்டுவிட்டேன். அஞ்சாம் நாளு கீழயும் வீங்கிருச்சு, ரெண்டு பக்கமும். காய்ச்சலு கொதிக்கி. அந்த எடத்துல வீங்கியிருக்குன்னு ஊர்ல யாருட்டப் போயிச் சொல்ல? நாளப்பின்ன பொண்ணு குடுப்பாகளா?"

"டாக்டர்கிட்டக் காட்டலீங்களா?"

"செயினக் கழுத்துலருந்து கழத்தி அரணாக்கொடியில கட்டிவிட்டேன். வீக்கம் எங்க இருக்கோ அங்கதான பொன்னு இருக்கணும். பத்து நாள்ல வத்திருச்சு."

"வத்துனது வீக்கம் மட்டும் இல்லீங்கம்மா" என்றார் டாக்டரம்மா.

பொன்னுக்கு வீங்கி வந்த எல்லா ஆணுக்கும் இப்படி ஆவதில்லை, விதைக்கு இறங்கினாலும் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இறங்கும், இவருக்குக் கெட்ட நேரம் இரண்டு பக்கமும் இறங்கிவிட்டது என்று விளக்கினார். அன்றைக்கு டாக்டரிடம் போயிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்று சொல்ல முடியாது, ஆனால் என்ன ஆனது என்றாவது தெரிந்திருக்கும் என்றார். நான் கிழவியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. மகனைக் காப்பாற்றியவள் என்ற நினைப்பு அப்படியே இருந்தது. எனக்கு அவள் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். அவள் மேல் வரவில்லை. தெரியாமல் செய்தவள். தெரிந்து செய்தவன் பக்கத்து நாற்காலியில் இருந்தான்.

டாக்டரம்மா பழைய தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "அப்போ இந்த ஆறு கோடி யாருதுங்க?"

முனீஸ் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தான். பிறகு, "சசிகுமார்து" என்றான்.

சசிகுமார் அவன் கம்பெனியில் உடன் வேலை பார்ப்பவன். இரண்டு பிள்ளைக்காரன். அன்று காலையில் முனீஸ் அவன் வீட்டுக்குப் போய் டப்பாவைக் கொடுத்து, வாசலில் பைக்கை நிறுத்திக் காத்திருந்து, வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறான். ஏன் என்று டாக்டரம்மா கேட்டார். அவன் சொன்ன பதிலைத் திருப்பூருக்கு வெளியே யாரிடம் சொன்னாலும் புரியாது.

ஏற்றுமதிக்கு முன்னால் வெளிநாட்டுக்காரன் ஆள் அனுப்பிச் சரக்கைப் பரிசோதிப்பான். அந்த ஆள் அடுக்கி வைத்த பெட்டிகளைப் பார்த்து, பன்னிரண்டு, நாற்பத்தொன்று, எழுபது என்று தன் இஷ்டத்துக்கு நம்பர் சொல்வான். பிரித்துக் காட்ட வேண்டும். முனீஸின் திறமை அங்கேதான். அந்த ஆள் டீ குடித்துவிட்டு வருவதற்குள், அவன் சொன்ன நம்பர் ஸ்டிக்கர் எல்லாம் நல்ல பீஸ் இருக்கிற பெட்டிக்கு மாறியிருக்கும். சரக்கு பாஸ். மிச்சத்தில் இருக்கும் ஓட்டையும் கறையும் அப்புறம் ராத்திரி பகலாக உட்கார்ந்து சரி செய்யப்படும், சில சமயம் செய்யப்படாமலே கப்பல் ஏறும். முனீஸ் கைவைத்த சரக்கு ஒன்றுகூட பெயில் ஆனதில்லை என்று கம்பெனியில் பேர் உண்டு.

"எனக்கு ஏதோ கொறன்னு மனசுல பட்டுது மேடம். இப்பதிக்கு பாஸ் ஆயிட்டா, அப்புறம் ரகசியமா வைத்தியம் பாத்துச் சரி பண்ணிக்கிடலாம்னு நெனச்சேன். நாட்டு மருந்தும் சாப்புட்டேன். நாள் போயிருச்சு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?" என்றான்.

முத்துப்பேச்சி அவனைத் திரும்பிப் பார்த்தாள். கத்தவில்லை.

"சசி அண்ணனுக்கு எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியும்."

"எங்க பாத்தாலும் வீட்ல ஏதும் விசேசம் உண்டாம்மான்னு கேப்பாக. பத்து வருசமாக் கேக்காக. தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டாகளா?"

அவன் தன் அம்மாவைப் பார்த்தான்.

"எங்கண்ணன் ஒரு தடவ கேட்டான், மாப்பிள்ளையப் பாத்தாகளான்னு. அவன் வாயப் பொத்துனேன். ஆறு கோடின்னு தாளு இருக்குன்னு சண்டைக்குப் போனேன். எம் வயித்துல நாலு ஓட்ட போட்டாகளே, சினைப்பையில சூடு வச்சாகளே, அப்ப நீ எங்க இருந்த?"

"வெளியதான் ஒக்காந்திருந்தேன்" என்றான் முனீஸ்.

உண்மையைத்தான் சொன்னான். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதான் இருந்திருக்கிறான், பிளாஸ்கில் காப்பி வாங்கி வைத்துக்கொண்டு. அந்தப் பதிலைக் கேட்டபோது அவன் பல்லைப் பேர்க்க வேண்டும் போல எனக்கு இருந்தது. நர்ஸ் கோட் போட்டுக்கொண்டு அப்படி எல்லாம் செய்ய முடியாது. ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து முத்துப்பேச்சியிடம் கொடுத்தேன், அவள் வாங்கி மேசையில் வைத்தாள், குடிக்கவில்லை.

டாக்டரம்மா அதோடு நிறுத்தவில்லை. வழி இருக்கிறது என்றார். முகம் தெரியாத ஒருவரின் விந்தை வங்கியிலிருந்து வாங்கி வைக்கலாம், சட்டப்படி செய்யலாம், பிள்ளை உங்களுடையதாகவே இருக்கும் என்றார். அதற்கு முன்னால் அவளிடம் முட்டை எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அன்றே ரத்தம் எடுத்தேன். பத்து வருடத்தில் எத்தனை ஊசி ஏறிய கையோ, நரம்பு கிடைக்கவே நேரம் பிடித்தது.

முடிவு சனிக்கிழமை வந்தது. அவளுக்கு ஷிப்ட். கவுண்டரில் முனீஸ் வந்து நின்றான். முத்துப்பேச்சி ரிப்போர்ட் என்றான். கவரில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. பெண்டாட்டி ரிப்போர்ட்டைப் புருஷன் வாங்கிப் போவது எங்கள் கவுண்டரில் தினமும் நடப்பதுதான்.

புதன்கிழமை அவள் தனியாக வந்தாள். அரை நாள் பர்மிஷன், கம்பெனி ஐடி கார்டு கழுத்திலேயே தொங்கியது. உட்கார்ந்ததும் கேட்டாள்.

"எங்கிட்ட முட்டையே இல்லியாம்லா சிஸ்டர். எங்கத்த லைன் வீடு பூராச் சொல்லிட்டு வாரா. கொற அவகிட்டத்தான், இப்ப தாளே வந்துருச்சுன்னு."

ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவேயில்லை. கம்ப்யூட்டரில் திறந்தேன். அவள் வயதுக்கு இருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேசை மேல் இருந்த பிளாஸ்டிக் கர்ப்பப்பையை இழுத்து, குழாய்களின் நுனியில் நெல்லிக்காய் அளவில் இருக்கும் சினைப்பைகளைக் காட்டினேன். அன்று பாதியில் விட்டதை முடிக்க வேண்டியிருந்தது.

"நமக்குப் புதுசா ஊறாது கண்ணு. பொம்பளப்புள்ள பொறக்கறப்பவே அத்தன முட்டையோடயும் பொறக்குது. அப்புறம் கொறஞ்சுட்டேதான் போகும். மாசம் ஒண்ணு வெளிய வரும், கூட நெறயா அழிஞ்சும் போகும். உனக்கு வெரசாத் தீந்துபோச்சு. சினைப்பையில சூடு வெச்சாங்க பாரு, அதும் ஒரு காரணமா இருக்கலாம்."

"அந்தச் சூடு எதுக்கு வச்சாக?"

"புள்ள இல்லைன்னு."

அவள் அந்தப் பொம்மையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அந்தத் தாளுல அப்பவே பூஜ்யம்னு வந்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. "அப்போ இருபத்தேழு வயசு. உங்கிட்ட நெறயா இருந்திருக்கும். வேற விந்து வாங்கி வெச்சிருந்தா இந்நேரம் உன்ர புள்ள நாலாவது, அஞ்சாவது படிச்சிட்டிருக்கும்" என்றேன்.

இப்போது முட்டையும் வேறொரு பெண்ணிடம் வாங்கலாம், உன் கர்ப்பப்பையில் வைக்கலாம், பத்து மாதம் நீதான் சுமப்பாய் என்று டாக்டரம்மா சார்பில் நானே சொன்னேன். நல்லவிதமாகத்தான் சொன்னேன்.

"துணி ஒருத்தர்து, நூலு ஒருத்தர்து, மிஷின் மட்டும் எம்மது" என்றாள். "ஜாப் ஒர்க்குன்னு சொல்லுங்க. நாலு வருசம் முன்னாடின்னா அதுக்கும் சரின்னுருப்பேன் சிஸ்டர். யாரு கூட இருந்து வளக்க? அவங்கூடயா?"

பதின்மூன்று வருடமாக அவள் அவனை அவுக என்றுதான் சொல்லியிருக்கிறாள். அன்று அவன் என்றாள்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் கூடுகிறார்கள். கல்யாணத்தைத் தீர்த்துவிடுவதற்குத்தான். முனீஸுக்கு ராஜபாளையம் பக்கம் இருபத்தாறு வயதில் ஒரு பெண் பார்த்தாகிவிட்டது. நடந்ததை எல்லாம் அவள் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். ராக்கையா நம்பினான். ஆனால் கூட்டத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது, தாள் இருக்கிறதா என்று கேட்டானாம். முனீஸ் வீட்டாரிடம் இரண்டு தாள் இருக்கிறது. ஆறு கோடி என்று ஒன்று, முட்டை இல்லை என்று ஒன்று. பூஜ்யம் என்ற தாளை முனீஸ் எங்கள் கவுண்டரில் வாங்கவே இல்லை. கிழவியும் வீட்டுக்குப் போன வழியிலேயே அன்று பேசியதை எல்லாம் மறந்துவிட்டாள்.

"அதுல ஒரு ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக் குடுங்க சிஸ்டர். பிள்ள போனாப் போகுது. மலடின்னு எழுதி என்ன அனுப்பக் கூடாது. இந்தப் புதுப் பொண்ணு வயித்துலயும் ஓட்ட போடாம இருக்கட்டும்."

அந்த பைல் என் முதுகுக்குப் பின்னால் இருந்த ரேக்கில்தான் இருந்தது. கையை நீட்டினால் போதும்.

"அது அவரோட ரிப்போர்ட் கண்ணு. அவரு கையெழுத்துப் போடாம வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. பெண்டாட்டியா இருந்தாலும் கூடாது, சட்டம் அப்படி. கோர்ட்ல கேட்டா டாக்டரம்மா குடுப்பாங்க" என்றேன்.

"கூட்டம் ஞாயித்துக்கெழம சிஸ்டர்."

"எனக்கு வேல போயிரும் கண்ணு."

அவள் எழுந்தாள். கெஞ்சவில்லை. தையல் பிரிக்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படி என்னைப் பார்த்தாள்.

"எம் பைய, எங் கொழாய, எம் முட்டைய, எல்லாத்தையும் படம் புடிச்சு, எழுதி, பத்து வருசமா அவன் கையிலதான குடுத்தீக. ஏழு ஆஸ்பத்திரி, உங்களோட எட்டு. போன சனிக்கிழமகூட நீங்கதான் குடுத்தீக. அதுக்கு எங் கையெழுத்த யாரு கேட்டீக?"

டாக்டரம்மாவிடம் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். ரேக்கிலிருந்து பைலை எடுத்திருக்கலாம். வேலை போனால் போகட்டும் என்று இருந்திருக்கலாம். எல்லாரிடமும் எரிந்து விழுகிற நான் அன்று பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவள் பல்லடம் ரோட்டைத் தாண்டி பஸ் ஏறிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ராக்கையா பின்னால் ஒரு நாள் வந்து சொன்னான். கூட்டத்தில் ஆறு பெரியவர்கள், ஆறு பேரும் ஆண்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களாம். முத்துப்பேச்சி டப்பாவைப் பற்றிச் சொன்னபோது ஒருவர் சிரித்தாராம். சாட்சிக்கு சசிகுமாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று குலசாமி மேல் சத்தியம் செய்தான். அதன் பிறகு பத்திரத்தாளில் எழுதினார்கள். எனக்குக் கருத்தரிக்கும் சக்தி இல்லாத காரணத்தால் என் முழுச் சம்மதத்துடன் பிரிகிறேன் என்று அவளே சொல்வது போல எழுதி, அந்தத் தாளில் மட்டும் அவள் கையெழுத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.